எழுபத்து மூன்றாம் கோபுரத்தின் முளை

எழுபத்து மூன்றாம் மின்கோபுரத்துக்கு மேலே, மலைச்சரிவின் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. அதன் மேல்கரையில் ஓர் இரும்பு முளை, கீழ்க்கரையில் இன்னொன்று. மண் நழுவினால் கீழ்முளையும் கூடவே இறங்கும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடும். மின்தடத்தைக் காவல் காக்கும் நெலிதா தினமும் காலையில் நாடா பிடித்து அளப்பாள். ஒரே நாளில் ஐந்து சென்டிமீட்டர் கூடினால் மின்தடத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் குளிர்பெட்டிகள் நின்று மூன்று பள்ளத்தாக்குகளின் பாலும் கெட்டுப்போகும். நிறுத்தாமல் கோபுரம் விழுந்தாலோ, மாதக்கணக்கில் இருட்டு.

அன்று நாடா நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டியது.

பதறிப்போய் வயர்லெஸ்ஸை எடுத்தவள், பொத்தானை அழுத்துமுன் வெடிப்புக்குள் கையை வைத்துப் பார்த்தாள். நேற்றுப் போலவே நான்கு விரல் அகலம். வெடிப்பு விரியாமல் முளை மட்டும் எப்படி நடந்து போகும்?

அப்போதுதான் கீழ்முளையில் சுற்றியிருந்த கயிறு கண்ணில் பட்டது. அதன் மறுமுனையில், புதருக்குப் பின்னால், ஒரு செவலைப் பசு.

“கொம்பாத்ரே!” என்று கத்தினாள்.

செராஃபின் சீசாக் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். அவர் மகளுக்கு நெலிதா ஞானத்தாய். அவளுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு அவள் கொமாத்ரே.

“இதப் பிடுங்கி நட்டது யாரு?”

“நாந்தான் கொமாத்ரே. கயிறு புல்லுக்கு எட்டல, கொஞ்சம் தள்ளி நட்டேன். நல்ல இரும்பு, சும்மாத்தானே நிக்குது?”

“சும்மாவா! மூணு பள்ளத்தாக்குக் கரண்ட்ட உங்க மாடு நிறுத்தப் பாத்துச்சு!”

“அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா பாலையும் அதுவே கறந்துக்காதா?”

நெலிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மாட்ட வழக்கமாக் கட்டுற இடத்துக்கு என்ன கேடு?”

“மேல அங்க ஒரே சேறு. முட்டி வரைக்கும் புதையுது, பாவம்.”

சிரிப்பு நின்றது. நான்கு நாளாக மழையே இல்லையே!

ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் மேலே ஏறினார்கள். பாசன வாய்க்காலில் ஒரு பாறை உருண்டு அடைத்திருந்தது; தண்ணீர் கரை மீறி வெடிப்பை நோக்கி இறங்கிக் கொண்டிருந்தது. காய்ந்த மண்ணில் துகளும் துகளும் ஒன்றையொன்று பற்றி நிற்கும். இடையில் நீர் புகுந்து நெம்பினால் அந்தப் பிடி விட்டுப்போகும், எடையும் ஏறும். பிறகு முளை நிஜமாகவே நடக்கும்.

நெலிதா வயர்லெஸ்ஸில் சேதி சொன்னாள். “நிறுத்திடட்டுமா?” என்றான் கட்டுப்பாட்டு அறையிலிருந்த வில்மர்.

“வெடிப்பு இன்னும் விரியல. பக்கத்துலயே நிக்கிறேன். அரை விரல் விரிஞ்சாலும் சொல்றேன். கைய சுவிட்சு மேலயே வச்சிரு.”

செராஃபின் சங்கு ஊதினார். ஊர்ப்பொது வேலைக்கு, மிங்காவுக்கு, அதுதான் அழைப்பு. மண்வெட்டியும் கடப்பாரையுமாக நாற்பது பேர் வந்தார்கள், கூடவே இரண்டு குடம் சோளக் கள்ளும். பாறையை நெம்பித் தள்ளினார்கள். வழிந்த நீரைக் கல்லோடைக்குத் திருப்பினார்கள். வெடிப்பில் களிமண் அடைத்து மிதித்தார்கள். மிதி சீக்கிரமே நடனமாகிவிட்டது. நெலிதா முளையைப் பழைய குழியிலேயே இறக்கி அடித்து, அளந்து குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வில்மரே முந்திக்கொண்டான். “எவ்வளவு கூடியிருக்கு?”

நாடாவை இரண்டு தடவை பார்த்துவிட்டு நெலிதா சொன்னாள்: “ரெண்டு மில்லிமீட்டர். ஓடட்டும்ப்பா, நீ கைய எடு.”