கண்ணில் ஓட்டையுள்ள மத்தி

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 9.10. துறைமுகச் சாலையிலுள்ள மீன்வள ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில் நூற்று எண்பதாவது வஞ்சிரத்தின் வயிறு திறக்கப்பட்டது. உள்ளே அரை மத்தி இருந்தது.

ஆய்வாளர் அதை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு நோட்டில் ஒரு கோடு போட்டார். வஞ்சிரம் இந்த ஆண்டு எதைத் தின்று வளர்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. நூற்று எண்பது வயிறுகளில் நூற்றுப் பன்னிரண்டில் மத்தி. எதிரே வெள்ளைப் பலகையில், கடலில் யார் யாரைத் தின்கிறார்கள் என்பது அம்புகளாக வரையப்பட்டிருந்தது. பாசித் துகளிலிருந்து மத்திக்கு ஒன்று, கூனி இறாலிலிருந்து நெத்திலிக்கு ஒன்று, நெத்திலியிலிருந்து கணவாய்க்கு ஒன்று. மத்தியிலிருந்து வஞ்சிரத்துக்குப் போன அம்பு மட்டும் கட்டைவிரல் தடிமன். வஞ்சிரத்தின் சோற்றில் கைவைக்கக் கூடாது, மத்தி பிடிக்க மூன்று மாதம் தடை என்ற வரைவு அந்த அம்பை நம்பித்தான் எழுதப்பட்டிருந்தது. பகல் ஒரு மணிக்கு இயக்குநர் கையெழுத்திட வேண்டும்.

ஆய்வாளரின் கொழுந்தனுக்கு ஒரே ஒரு படகு. அது மத்திப் படகு. 9.15க்கு அவர் மாடியேறி வந்தார்.

“அண்ணி, என் படகைக் கட்டிப் போட கயிறே வேணாம், உங்க இடுக்கி போதும் போல.”

“மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள வா. நாத்தம் தாங்க மாட்ட.”

“மீன்காரன்கிட்ட சொல்ற பேச்சா இது?”

“வயித்துல இருக்கறதைத்தான் எழுதறேன். கொழுந்தன்னு ஒரு கோடு குறைக்க மாட்டேன்.”

“குறைக்க வேணாம். காட்டினா போதும். மத்தி இந்த வருஷம் எங்கயோ தள்ளி நிக்குது, டீசல் ஊத்தியே நான் ஒழிஞ்சேன். வஞ்சிரம் நிக்கறது கரைப்பாறை ஓரம். அங்கேர்ந்து இங்க யாரு, பார்சல் கட்டி அனுப்பறாங்களா?”

கொழுந்தன் தட்டைக் கிட்டே இழுத்து அரை மத்தியைப் புரட்டினார். சிரிப்பில் அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

“அண்ணி, இது கடிச்சது இல்ல. வெட்டினது.”

“வஞ்சிரத்துக்குப் பல்லே கத்திதான். மத்தியை ரெண்டா நறுக்கிடும்.”

“சரி, நறுக்கட்டும். கண்ணுல ஊசி குத்துமா?”

ஆய்வாளர் லென்ஸை இழுத்தார். ஒரு கண்ணில் நுழைந்து மறு கண்ணில் வெளியேறும் சுத்தமான துளை, தூண்டில் முள்ளின் தடிமனில். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி ஓட்டுநரைக் கூப்பிட்டார். மாதிரி மீன் வாங்கி வருவது ஓட்டுநர்தான்.

“தம்பி, இந்த வஞ்சிரமெல்லாம் எந்தப் படகுல வாங்கினது?”

“தூண்டில் படகுலதான்க்கா.”

“எப்பவும் வலைப் படகுலதானே வாங்குவோம்?”

“நீங்கதானே நல்ல மீனா பாத்து வாங்கச் சொன்னீங்க? வலை மீனு கசங்கிக் கிடந்துச்சு. இது பளபளன்னு மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சு.”

கொழுந்தன் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தே விட்டார். “இறாலைப் போட்டு சுறாவைப் பிடிக்கறது ஊருக்கே தெரியும். இந்த ஆபீசுக்கு மட்டும் தெரியல!”

ஆய்வாளருக்கு அழவேண்டும் போலிருந்தது. வந்ததோ சிரிப்பு. நான்கு மாத உழைப்பில் தூண்டில்காரர்களின் இரையை இரண்டு தசம இடத் துல்லியத்தில் எண்ணியிருந்தார்.

அலமாரியில் நூற்றுப் பதினொரு புட்டிகள் இருந்தன. ஆய்வாளர் மூடியைத் திறக்க, ஓட்டுநர் விளக்கைப் பிடிக்க, கொழுந்தன் நாற்காலியில் ஏறி நின்று ஏலக்காரர் குரலில் கூவினார்: “கண்ணுல ஓட்டை ஒண்ணு! கண்ணுல ஓட்டை ரெண்டு!” ஓட்டையில்லாத முழு மத்தி முதன்முதலில் வந்தபோது மூவரும் கைதட்டினார்கள். முப்பதாவது புட்டிக்கு மேல், யார் மூடியைத் தொட்டாலும் மற்ற இருவருக்கும் சிரித்தே வயிறு வலித்தது.

12.20க்கு இயக்குநர் கதவில் நின்றார். “இது ஆய்வுக்கூடமா, சந்தைக்கடையா?”

“ஐயா, நாம நாலு மாசமா எண்ணினது தூண்டில் இரை. தப்பு என்னோடது. எந்தப் படகு மீனுன்னு நான் கேக்கவே இல்ல.”

இயக்குநர் லென்ஸில் பார்த்தார். அடுத்த புட்டியைப் பார்த்தார். “பத்திரிகைக்காரங்ககிட்ட மத்தியைப் பத்தி அரைமணி நேரம் பேசினேனேம்மா,” என்றார். அவரிடமிருந்து விக்கல் மாதிரி ஏதோ கிளம்பியது. அது சிரிப்பு என்று மற்றவர்களுக்குத் தெரிய நேரமாயிற்று. டஸ்டரை எடுத்துக் கட்டைவிரல் அம்பை அழித்தார். அது அழியாத மை. ஓட்டுநர் புட்டிக்கு ஊற்றும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தார். அம்பு போயிற்று. கூடவே பாதிக் கணவாயும் போயிற்று.

“மத்தியைக் கழிச்சா, வஞ்சிரம் உண்மையில எதைத் தின்னுது?” என்றார் இயக்குநர்.

ஆய்வாளர் நோட்டைப் புரட்டினார். கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தார். போன வாரம்தான் கொழுந்தன் புதிதாக நெத்திலி வலை வாங்கி, அதை வீட்டுக் கூடத்தில் விரித்துக் காட்டியிருந்தார்.

“சொல்லுங்க அண்ணி.”

“மத்தி இருந்த வயிறும் சேத்து, எழுபத்து நாலு வயித்துல நெத்திலி.”

கொழுந்தன் நாற்காலியை விட்டு இறங்கினார். “ஓட்டை ஏதும் இருக்கான்னு பாத்தீங்களா?”

“விரல் நீள மீனுக்கு எந்தக் கண்ணுல முள்ளு மாட்டுவ?”

இம்முறை இயக்குநர்தான் முதலில் சிரித்தார்.

அன்று ஒரு மணிக்கு மத்தித் தடை வரைவு திரும்பப் பெறப்பட்டது. வலைப் படகு மீனில் மறுபடி நூறு வயிறு பார்க்க உத்தரவாயிற்று. அது முடியும்வரை நாற்பத்தைந்து நாளுக்கு நெத்திலி பிடிக்கத் தடை. வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு மத்திப் படகு கடலுக்குப் போனது. நெத்திலி வலை வீட்டுக் கூடத்திலேயே இருந்தது.