கழுத்தைப் பொத்தாத ரவுடி

இந்தப் படத்தின் கதையைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அண்ணனைக் கொன்றுவிடுவார்கள். தம்பி தாடி வளர்த்துக்கொண்டு வந்து ஒவ்வொருவனாகத் தீர்ப்பான். கூடவே இருந்த மாமாதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று கடைசியில் தெரியவரும். அந்த மாமா முதல் காட்சியில் விபூதி பூசிவிட்டுச் சிரித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இதற்கு ஒரு டைரக்டர், அவருக்குக் கீழே ஒரு பட்டாளம்.

ஆனாலும் அலங்காநல்லூரில் பஸ் ஏறி மதுரைக்கு வந்து பகல் காட்சிக்குப் போனேன். தனியாகத்தான். என் மகன் அருண்பாண்டி சென்னையில் சண்டை நடிகன். ஹீரோ அடித்ததும் பறந்துபோய் விழுகிற கூட்டத்தில் ஒருவன். அவனுடைய முதல் படத்தைப் பார்த்துவிட்டு அவன் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "இனிமே நீங்க ரெண்டு பேரும் என் படத்தப் பாக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அவள் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். என்னால் முடியவில்லை. வீட்டில் பேச ஆளில்லை. மகனைப் பார்க்க வேண்டுமென்றால் எவனாவது அவனை அடிக்க வேண்டியிருக்கிறது.

அவன் முகத்தை எந்தப் படத்திலும் காட்டமாட்டார்கள். விழுகிற விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். எங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் மாடு தூக்கி எறிந்தால் எவனும் எழுந்து ஓடமாட்டான். குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு, மாடு தாண்டிப் போகிறவரை அசையாமல் கிடப்பான். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஊரில் பிறந்தவனுக்குத் தானாக வரும். அருணும் ஒவ்வொரு படத்திலும் அப்படியே விழுவான். வெட்டுப்பட்டுச் செத்தவன் எங்கேயாவது கழுத்தைப் பொத்திக்கொண்டு கிடப்பானா? ஃபைட் மாஸ்டர் அதற்காகத் திட்டுவதை ஞாயிற்றுக்கிழமை போனில் அவனே சொல்லிச் சிரிப்பான். எதையும் பார்க்காதவன்போல நானும் "அப்படியா?" என்பேன்.

பக்கத்து சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள் படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"கதை அரைச்ச மாவுதான் மாப்ள."

"இருந்துட்டுப் போகட்டும்டா. ஸ்டைலப் பாரு, ஃபைட்டப் பாரு. அதுக்கே குடுத்த காசு சரியாப்போச்சு."

இடைவேளைக்குப் பிறகு பெரிய சண்டை வந்தது. பழைய ரைஸ் மில், கொட்டுகிற மழை. ஹீரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்பினார். அழகாகத்தான் எடுத்திருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. நானே சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். ஒவ்வொருவனாகப் பறந்தான். சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் மேல்மாடியிலிருந்து வந்தான். காற்றிலேயே உடம்பைக் குப்புறத் திருப்பியதில் அது அருண் என்று தெரிந்துவிட்டது. தரையில் மோதினான். ஒரு கை பிடரிக்குப் பாதி தூரம் போனது. இன்னொரு கை வரவே இல்லை. பிறகு போன கையும் விழுந்துவிட்டது.

தியேட்டரே கிழிந்தது. பேப்பர் பறந்தது.

"யப்பா! நெசமாவே செத்த மாதிரி விழுகுறான்டா!" என்றான் பக்கத்துப் பையன்.

பொங்கலுக்கு அவன் வரவில்லை. ஷூட்டிங் என்றான். அதற்குப் பிறகு வீடியோவில் கூப்பிட்டால் எடுப்பதில்லை, சிக்னல் இல்லை என்பான். எல்லாம் அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அத்தனை பேர் விசில் அடிக்கிற இடத்தில் நான் ஒருவன் மட்டும் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே வந்து, பாப்கார்ன் கடை ஓரமாக நின்று போன் போட்டேன்.

"என்னப்பா, இந்நேரம்? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே."

"தோள்பட்டை எப்படிய்யா இருக்கு?"

"யாருப்பா சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ கழுத்தப் பொத்தல."

"படம் பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க."

"எல்லாத்தையும் பாத்துட்டேன்யா. ஒண்ணு விடல."

விழுகிற இடத்தில் போடுகிற மெத்தையைத் தள்ளிப் போட்டுவிட்டார்களாம். தோளில் பிளேட் வைத்திருக்கிறது. கூட இருந்தவர்கள் வேறு படத்துக்குப் போய்விட்டார்கள், அறையில் அவன் ஒருவன்தான். இடது கையாலேயே சோறு வடிக்கப் பழகிவிட்டதாகச் சொன்னான். அதைப் பெருமையாகச் சொன்னான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ரொம்ப ரியலா இருக்குன்னு மாஸ்டர் அந்த ஷாட்ட அப்படியே வச்சுட்டாருப்பா. இன்னும் நான் பாக்கல. விசில் அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க."

"எம்புட்டு?"

"ஹீரோவுக்குக்கூட அம்புட்டு இல்ல."

சிரித்தான். சிரிப்பு நடுவில் வலித்திருக்க வேண்டும், நின்றுவிட்டது. உள்ளே மறுபடியும் கூச்சல் கேட்டது. மாமா மாட்டிக்கொண்டிருப்பார்.

"சரி, படம் எப்படிப்பா? சண்டைக்காகப் பாக்கலாமா?"

"எல்லாம் நல்லாத்தான் எடுத்துருக்கான். நீ எந்திரிக்கிறத மட்டும் காட்டலய்யா."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கினேன். அலங்காநல்லூர் பஸ் எதிரே வந்து நின்றது. நான் ஏறவில்லை.

"நாளைக்குச் சோறு வடிக்காத. சென்னைக்கு பஸ் ஏறப் போறேன்."