நாலாவத விட்டுட்டேன்

வீரம்மாவின் வீட்டு வாசலில் காரை நிறுத்திய நேரத்தில்தான் கைப்பேசி அதிர்ந்தது. சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. திரையில் ஒரு கேள்வி இருந்தது. ‘நேற்று மாலை 5.42க்கு “நாலாவத விட்டுட்டேன் மச்சான்” என்று ரூபனுக்கு எழுதியிருக்கிறீர்கள். நான்காவது படியை வெளியே விட்டீர்களா, செய்யாமல் விட்டீர்களா?’ கேட்டது மனிதப் பிறவி இல்லை, எங்கள் அலுவலகத்தின் ஏஐ ஏஜெண்ட். ஒருமுறை படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதியது நான்தான், என்ன நினைத்து எழுதினேன் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

ஈப்போவில் எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம் எங்களுடையது. டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லும் வேன்களுக்கு ஒரு செயலியை நடத்துகிறோம். வெள்ளிக்கிழமைதோறும் புதிய மாற்றங்களை நான்கு படிகளாக நான் வெளியிடுவேன். முடிந்ததும் கூட வேலை செய்யும் ரூபனுக்கு ஒரு செய்தி. அவன் சரிபார்த்துவிட்டுப் பழைய பட்டியலை மூடுவான். நேற்றைய நான்காவது படி, பழைய தோட்டத்துப் பெயரில் இருந்த முகவரிகளைப் புதிய தாமான் குடியிருப்பின் பெயருக்கு மாற்றி ஓட்டுநர்களுக்கு அனுப்புவது. ரூபன் பழையதை மூடிவிட்டான். புதியது போய்ச் சேரவில்லை. இன்று விடியற்காலையில் சுங்கை சிப்புட் பக்கம் பதினொரு பேருக்கு முகவரியே இல்லை. வேன்கள் பாதி வழியில் நின்று, திரும்பிப் போய்விட்டன. அவர்களில் பத்துப் பேரை எப்படியோ ஏற்றி அனுப்பியாகிவிட்டது. மீதி இருந்த வீரம்மாவை நானே கூட்டிப்போக வந்திருந்தேன்.

ஏஜெண்ட் என்றால் எங்கள் ஊரில் பெர்மிட் எடுத்துத் தருகிறேன் என்று ஆளை ஆறு மாதம் அலைய வைப்பவர். இது அப்படி இல்லை. போன மாதம் மேலாளர் அனுஜா இதன் கையில் ஒரு சாவிக்கொத்தையே கொடுத்திருந்தார். சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்க்கும், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று தேடும், எங்கள் குழு அரட்டையையும் விடாது. அதனால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தோம். இன்று நான்கே நிமிடத்தில் எல்லாவற்றையும் துழாவிவிட்டது. ஆனால் காலை ஆறு மணிக்கு ரூபன் பதற்றத்தில் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டியதில், நேற்று மாலையின் பதிவுகள் அழிந்துவிட்டன. ‘பதிவுகள் கிடைக்கவில்லை. ஊகித்து எழுத விரும்பவில்லை’ என்று நேர்மையாக எழுதியிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊகித்து எழுதியிருந்தால் அதையாவது நன்றாகத் திட்டியிருக்கலாம்.

அனுஜா கூப்பிட்டார்.

“யுகேன், இன்ஸ்பெக்டருக்குப் பதில் போட்டாச்சா? பன்னெண்டு மணிக்கு ரிப்போர்ட் போகணும்.”

“இன்னும் இல்ல.”

“நீங்க வெளிய விட்டிருந்தீங்கன்னா, அது பாதியில மாட்டிக்கிட்டிருக்கு. செக் பண்ணாம மூடினது ரூபன் தப்பு. செய்யாம விட்டிருந்தீங்கன்னா...”

“என் தப்பு.”

“ரூபனோட காண்ட்ராக்ட் இந்த மாசம் முடியுது, தெரியும்தானே? நான் யாரையும் காப்பாத்தச் சொல்லல. நடந்தத சொல்லுங்க.”

“சத்தியமா ஞாபகம் இல்ல அனுஜா.”

“நீங்க எழுதினதுதானே?” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை நான்காவது படியைச் செய்யவில்லை. அன்றைக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வெளியிட்டேன், அன்றைக்கும் இதேதான். அப்போதெல்லாம் ரூபன் என் பக்கத்து நாற்காலியில் இருந்தான், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வான். இந்த வாரம்தான் அவன் காம்பாரில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தான். நான் பொத்தானை அழுத்துவது நினைவுக்கு வருகிறது, மேசையில் தே ஓ தேநீர்க் கோப்பை இருப்பதும் வருகிறது. அது எந்த வெள்ளிக்கிழமை என்பதுதான் வரவில்லை. பயமாக இருந்தது.

ரூபனை அழைத்தேன்.

“மச்சான், நேத்து விட்டுட்டேன்னு போட்டேனே, நீ என்னான்னு எடுத்துக்கிட்ட?”

“விட்டுட்டேன்னா விட்டுட்டேன்னுதான் லா.”

“அதான்டா, எந்த விட்டுட்டேன்?”

“அடோய், நீ எழுதினத என்கிட்ட கேக்குறியா?” சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “மச்சான், நீ எது சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனா தெரிஞ்சி சொல்லு.”

வீரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். விடியற்காலை ஐந்து மணியிலிருந்து கிளம்பி உட்கார்ந்திருக்கிறார். பாதங்கள் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது?

“வேன்காரன் இன்னிக்கு என்னைய விட்டுட்டான் தம்பி,” என்றார். “முந்தாநேத்து நல்லாத்தான் கூட்டியாந்து வாசல்லயே விட்டுட்டுப் போனான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ரெண்டும் விட்டுட்டான்தானேம்மா. எது எதுன்னு எப்படித் தெரியும்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாம என்னா? ரெண்டு நாளும் வாசல்ல நின்னது நான்தானே.”

அவரைப் பின்னிருக்கையில் கைத்தாங்கலாக ஏற்றினேன். பத்தரைக்குள் வந்தால் ஒரு படுக்கை இருக்கிறது என்று டயாலிசிஸ் நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். காரைக் கிளப்புவதற்கு முன் கைப்பேசியை எடுத்து, ‘எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ரூபன் புரிந்துகொண்டதில் தவறில்லை’ என்று எழுதி அனுப்பினேன். கடைசி வரி உண்மையா, நட்பா என்றும் தெரியவில்லை.

பழைய லயத்து வீடுகளின் வரிசையைத் தாண்டி முச்சந்திக்கு வந்தபோது பதில் வந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் காரை நிறுத்திவிட்டுப் படித்தேன். ‘நன்றி. நீங்கள் சொன்னதை அப்படியே சேர்த்திருக்கிறேன். இனி இந்த அறிக்கையை விட்டுவிடலாமா?’

இந்த வார்த்தையை அது எங்களிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும். ஆமாம் என்று அடித்தேன். அனுப்பவில்லை.

“தம்பி, தம்பி!” என்று பின்னாலிருந்து வீரம்மா என் தோளைத் தட்டினார். “விட்டுட்டேன்!”

“எதம்மா?”

அவர் கையைப் பின்பக்கம் நீட்டினார். திரும்பிப் பார்த்தேன். தூரத்தில், திறந்து கிடந்த வீட்டின் படியில், போர்வை துருத்திக்கொண்டிருந்த அவருடைய பை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கோழி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது.