தோளில் மிஞ்சிய கை

அச்சகத்தில் அவளுக்கு ‘ரப்பர் அக்கா’ என்று பெயர். முகப்பருவோ, உறவு முறிந்த மாப்பிள்ளையோ, படத்தில் வேண்டாதது எதுவானாலும் தடம் தெரியாமல் அழித்துவிடுவாள்.

வேட்பாளரின் உதவியாளன் ஒரு படத்தோடு வந்தான். “தலைவர் இவ்ளோ அழகா சிரிச்ச படம் வேற இல்லக்கா. பின்னாடி நிக்கிறவர மட்டும் தூக்கிடுங்க. சாயங்காலத்துக்குள்ள போஸ்டர் வேணும்.”

பின்னால் நின்றவர் தலைவரின் பழைய டிரைவர். தலைவரின் தோளில் உரிமையோடு கை போட்டிருந்தார். வளைந்த சுண்டுவிரலைப் பார்த்தாலே ஊரில் எவரும் அவர்தான் என்று சொல்லிவிடுவார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒரு காவல்காரர்மேல் ஏற்றிக் கொன்றது தலைவர். பழியை ஏற்று உள்ளே போனது டிரைவர். ஆறே மாதத்தில் வெளியே எடுக்கிறேன் என்ற தலைவர் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. மனுஷன் சிறையிலேயே செத்துப்போனார். போன வாரம் மேடையில், அப்படி ஒரு டிரைவர் என்னிடம் இருந்ததே இல்லை என்று தலைவர் பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தார். அந்தப் பொய்யைக் கிழிக்க இந்த ஒரு படம் போதும். எதிரணி ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான்.

ஆனால் அவள் கணவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போக வர ஐந்து மணி நேரப் பஸ். மனுஷன் பாதி வழியிலேயே துவண்டுவிடுகிறான், இன்னொரு வருஷம் இப்படியே தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஐந்து மெஷின் கொண்டுவருவேன் என்கிறார் தலைவர். கொண்டுவந்தும் விடுவார், அதுதான் எரிச்சல். குழாயில் தண்ணீர் வரும் என்றார், வந்தது. எதிரணிக்காரர் தங்கமான மனுஷன், ஆனால் மெஷின் பற்றிக் கேட்டால் “பாப்போம்” என்பதோடு சரி.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி, படத்தை எதிரணிக்குக் கொடுக்கலாமா என்று கணவனிடம் கேட்டாள்.

“அவன் யோக்கியனா இல்லையான்னு நமக்கு என்னத்துக்கு? பொண்ணா குடுக்கப் போறோம்?” என்றான் அவன்.

“செத்தவரு ஒரு மனுஷன் இல்லையா?”

“நானும் மனுஷன்தானே” என்றான்.

திரும்பி வந்து டிரைவரை அழித்தாள். முதல் பிரதி வெளியே வந்ததும் அச்சு மெஷின்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஆள தூக்கிட்டு கைய விட்டுட்டியேம்மா!” இந்தத் தொழிலில் எல்லாருக்கும் நடக்கிற பிசகுதான். தலைவர் தோளில் கை மட்டும் தனியாக இருந்தது.

அதை அழித்துத் திரும்ப அனுப்பினாள். இரண்டாவது பிரதியிலும் கை இருந்தது, காலரைத் தொட்டுக்கொண்டு. திரையில் பார்த்தால் வெறும் சட்டை. மெஷின்காரர் உருளையைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். மூன்றாவதில் விரல்கள் கழுத்தைச் சுற்றியிருந்தன. இப்போது அவர் சிரிக்கவில்லை.

கை எதற்குக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூலப்படத்தை யாருக்கும் தெரியாமல் தன் கணினியில் பத்திரப்படுத்தியிருந்தாள். எதிரணிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அதுவரை முடிவு செய்யவில்லை.

“மன்னிச்சிடுங்கண்ணே” என்று வாய்விட்டே சொல்லி, அதை அழித்தாள். உதவியாளன் பென்டிரைவில் தந்த பிரதியையும் அழித்தாள்.

நான்காவது பிரதி சுத்தமாக வந்தது. தலைவர் பளிச்சென்று சிரித்தார். அவள் பின்கட்டுக்குப் போய், வெட்கம் பிடுங்கித் தின்ன அழுதாள். வாக்குச்சாவடியிலும் அவருக்கே போட்டாள்.

அவர் ஜெயித்தார். வருஷம் முடிவதற்குள் ஐந்து மெஷினும் வந்தன. திறப்பு விழாப் படம் அச்சகத்துக்கு வந்தபோது ஆசையாகத் திறந்தாள். முதல் நாற்காலியில் அவள் கணவன், உடம்பில் ரத்தம் ஊறி, முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தான். முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர். இடது தோளில் ஒரு கை, சுண்டுவிரல் வளைந்து.

மவுஸைப் பிடித்தாள். அழிக்கவில்லை. அப்படியே அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

“யாரு கை இது?” என்றான் கணவன்.

“நான் அழிச்சவரோடது.”

அவன் இடது தோளைத் தடவிக்கொண்டான். “இந்தப் பக்கம் கொஞ்ச நாளா பாரமாவே இருக்கு. ஊசியாலன்னு நெனச்சேன்.”

அவள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கைக்கும் கழுத்துக்கும் நடுவே இன்னும் நாலு விரல் இடம் இருந்தது.