மருந்துச் சட்டை

அருள்பாண்டி கையில் எடுத்தால் போதும், பிள்ளை வீறிடும். ஐந்து மாதமாக இதே கூத்துத்தான். பிரசவத்துக்கென்று திருத்தங்கலில் அண்ணன் வீட்டுக்குப் போன ஸ்ரீமதி, பிள்ளைக்கு எடை கூடட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டாள். அருள்பாண்டி அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிறவன். சீசன் கழுத்தை நெரிக்கிற நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு. வாரத்துக்கு ஒரு பொழுது வந்து நிற்கிறவனைப் பிள்ளை எதை வைத்து அப்பன் என்று அறியும்? கேஸ் சிலிண்டர் போடுகிறவனைப் பார்த்தாவது சிரித்தது.

பிள்ளை ஒட்டிக்கொண்டது தாய்மாமன் காளீஸ்வரனிடம். முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையாதவன், லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவன். வாய் மட்டும் இரண்டு ஷிப்டு ஓடும். ஞாயிறு காலையில் அருள்பாண்டியின் பைக் தெருவில் திரும்பியதுமே அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுவிடுவான்.

"வாங்க வாங்க, சங்கு ஊதப் போகுது. மாப்ள, பிள்ளையைப் பிடிங்க."

அருள்பாண்டி வாங்குவான். பிள்ளை முகம் சிவந்து, முதுகை வில்லாக வளைத்துக் கத்தும். காளீஸ்வரன் பத்து எண்ணிவிட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டால் கப்சிப். வாசலில் நிற்கிற பெண்கள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

"அப்பன் யாருன்னு பிள்ளைக்கே சந்தேகமா இருக்கு மாப்ள. நம்ம என்ன செய்ய?" என்பான்.

மச்சான் கேலி என்று பேர். கேலிக்கும் ஓர் அளவு உண்டு. ஸ்ரீமதி ஒருநாள், "போதும்ண்ணே" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அருள்பாண்டிக்கு அதுதான் நெஞ்சில் தைத்தது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தத் தெரு பார்க்க, பிள்ளை என் தோளில் சத்தமில்லாமல் கிடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

தடுப்பூசி அன்றைக்கு லீவு போட்டுக் கூடப் போனான். ஊசிக்கு முன்பே பிள்ளை அவன் கையில் அலறியதைப் பார்த்து நர்சம்மா வழி சொன்னார்.

"நீங்க நாள் பூராப் போட்ட சட்டையைத் துவைக்காம பிள்ளை படுக்கிற எடத்துல வச்சுப் பாருங்க. பிள்ளைக்குக் கண்ணுக்கு முன்னால மூக்குத்தான் பழகும்."

நாள் பூராப் போட்ட சட்டை. எந்த வேலைக்குப் போட்ட சட்டை என்று அந்த அம்மாள் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. கம்பெனியில் போர்மேன் மாரிசாமி தினமும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லுவார்: "போட்ட துணியோட வீட்டுக்குள்ள ஏறாதீகலே. தண்ணியில முக்கிட்டு ஏறுங்க." அருள்பாண்டி ஒன்பது வருசமாக முக்கிவிட்டுத்தான் ஏறினான். அந்தச் சனிக்கிழமை முக்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்று மருந்துத் தூசி போக முப்பது தடவை உதறினான், சுவரில் அடித்தான், மறுபடியும் உதறினான். மறுநாள் திருத்தங்கலுக்குக் கொண்டுபோய்ச் சேலைத் தொட்டிலில் பிள்ளைக்கு அடியில் விரித்தான்.

பிள்ளையைக் குளிப்பாட்ட ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த மாடத்திதான் முதலில் மோப்பம் பிடித்தாள். ஸ்ரீமதிக்குச் சித்தி.

"சட்டையில என்ன வாசம் மருமவனே?"

"மருந்து வாசம், அத்தே."

"தைலமா? நல்லது, நல்லது. பிள்ளைக்குச் சளி பிடிக்காது."

அருள்பாண்டி வாயைத் திறந்தான். வாசற்படியில் காளீஸ்வரன் உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொன்னால் சட்டை சாக்கடைக்குப் போகும், தெருவுக்கே ஒரு மாதத்துக்குக் கதையாகும். "ஆமாத்தே, தைலந்தான்" என்று சிரித்துவிட்டான். ஸ்ரீமதி சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா ஒதறிட்டேன். ஒண்ணுஞ்செய்யாது" என்றான் மெதுவாக. அவளும் விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் பிள்ளை மசியவில்லை. உதறியதில் வாசமும் போய்விட்டது என்று அவனுக்குப் பட்டது. மூன்றாவது சனிக்கிழமை இருபது தடவைதான் உதறினான். நாலாவது வாரம் உதறவே இல்லை. சட்டையை அப்படியே சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஆசை வந்தால் புத்தி எங்கே நிற்கும்?

ஐந்தாவது ஞாயிறு. காளீஸ்வரன் வழக்கம்போல ஆட்களைக் கூட்டியிருந்தான். அருள்பாண்டி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டான். பிள்ளை ஒருமுறை முனகியது. பிறகு மருந்து வாசம் போகாத அவன் கழுத்தில் மூக்கைத் தேய்த்தது, ஒரு பெருமூச்சு விட்டது, அப்படியே கிடந்தது. காளீஸ்வரன் பத்து எண்ணினான், இருபது எண்ணினான், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

சந்தோஷத்தில் அருள்பாண்டிக்குக் கண் தளும்பிவிட்டது. பிள்ளையைக் கீழே விட மனமில்லாமல் தெருவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தான். புறப்படும்போது அந்த வாரத்துச் சட்டையை எடுத்துத் தொட்டிலில் தன் கையாலேயே விரித்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மாரிசாமி மருந்து அறை வாசலுக்கு ஓடிவந்தார். போன் எல்லாம் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அவனுடைய போன் அங்கே ஏழு தடவை அடித்திருந்தது.

"பிள்ளைக்குத் தீ பிடிச்சிருச்சாம்லே. ஆஸ்பத்திரிக்குப் போ."

முக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை, நின்ற கோலத்தில் பைக்கை எடுத்தான்.

தீக்காய வார்டு வராந்தாவில் மாடத்தி இரண்டு கையிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் நடந்ததைச் சொன்னாள். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றித் தொட்டிலில் போட்டிருக்கிறாள். சாம்பிராணி போடக் கருவேலங்கரியை ஊதிக் கனியவைத்து, தொட்டிலுக்கும் ஒரு சுற்றுப் புகை காட்டியிருக்கிறாள். கரி பொரிந்து ஒரு பொறி தெறித்திருக்கிறது. எத்தனையோ பிள்ளைக்குப் புகை போட்டவள், எத்தனையோ பொறியைக் கையால் தட்டிவிட்டவள்.

"தட்டுறதுக்குள்ள பூச்சட்டி மாதிரிச் சீறிருச்சு மருமவனே. வெள்ளை வெளேர்னு. சேலையும் சேந்து பத்திருச்சு." கட்டுப்போட்ட கைகளைத் தூக்கிக் காட்டினாள். "தைலச் சட்டை எப்பிடி அப்பிடிப் பத்தும்? சொல்லுங்க மருமவனே, எப்பிடிப் பத்தும்?"

உள்ளே பிள்ளையின் அழுகை கேட்டது. அது பசி அழுகை இல்லை. தொண்டை கிழிந்து, மூச்சு அறுந்து, மறுபடி தொடங்குகிற அழுகை.

கட்டிலில் பிள்ளை குப்புறக் கிடந்தது. முதுகும் இடது காலும் கட்டு. ஸ்ரீமதியின் வலது கையிலும் கட்டு. நெருப்புக்குள் விட்டு எடுத்தவள் அவள்தான். காளீஸ்வரன் குனிந்து பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். "மாமன் இருக்கேன், மாமன் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிள்ளை அவனைச் சட்டைசெய்யவில்லை.

அருள்பாண்டி கட்டிலருகே மண்டியிட்டான். தொடப் பயமாக இருந்தது. முகத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுபோனான். பிள்ளையின் மூக்கு விரிந்தது. அழுகை விக்கலாகி, விக்கல் நின்றது. கட்டில்லாத சின்னக் கை நீண்டு அவன் காலரைப் பிடித்து இழுத்து, துணியில் மூக்கைப் புதைத்துக்கொண்டது.

காளீஸ்வரன் நிமிர்ந்தான். அந்தக் காலரில் வெள்ளையாய்ப் படிந்திருந்த தூசியைப் பார்த்தான், பிறகு தங்கையின் கையைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது.

"ஒங்க பிள்ளை ஒங்களைத்தான் தேடுது, மாப்ள" என்றான். "அப்பன் யாருன்னு அதுக்கு இப்பச் சந்தேகமே இல்ல."

இத்தனை மாதமாக அருள்பாண்டி கேட்க ஏங்கிய பேச்சு. செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பான்.

வார்டு நர்ஸ் வந்து அவனைக் கண்டதும் பதறிப்போனார். "இந்தத் துணியோட புண்ணுக்குப் பக்கத்துல நிக்காதீங்க. போய்க் குளிச்சு மாத்திட்டு வாங்க." பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காலரை விடுவித்தது அவர்தான்.

குழாயடி வரைக்கும் அழுகை துரத்திக்கொண்டு வந்தது. அவன் மூன்று தடவை சோப்புப் போட்டான். நகக்கண் கறுப்பைக் கல்லில் தேய்த்தான். சட்டையை வாளித் தண்ணீரில் முக்கி, மேலே வராதபடி கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரோ கொடுத்த சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

மறுபடி மண்டியிட்டு முகத்தை நீட்டினான். பிள்ளை முகர்ந்தது. பிறகு யாரோ அந்நியனைக் கண்டதுபோல வீறிட்டு, கட்டுப்போட்ட முதுகை வளைக்கப் பார்த்தது, வலித்து இன்னும் கத்தியது.

ஸ்ரீமதி அப்போதுதான் முதல்முறையாக அவனைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தச் சட்டை எங்க?"

"தண்ணியில முக்கிட்டேன்" என்றான் அருள்பாண்டி.

"இன்னைக்காவது முக்கணும்னு தோணுச்சே" என்று சொல்லிவிட்டு, அவள் பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டாள்.