ஐம்பத்தொரு விசிறிகள்

ஷிஃப்ட் பேருந்துப் பிரச்சினையை ஆலை நிர்வாகத்திடம் யார் போய்ப் பேசுவது என்று 'ஒரகடம் உழைப்பாளர் மேடை' இணையதளத்தில் வாக்கெடுப்பு நடந்தது. தளத்தைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற சூப்பர்வைசர் சூசைராஜ். தனக்குத் தானே 'நிறுவனத் தலைவர்' பட்டம் கொடுத்துக்கொண்டவர். எதிர்த்து நின்றது சுங்குவார்சத்திரம் பெண்கள் ஹாஸ்டலில் தங்கி ஆலையின் உற்பத்தி லைனில் வேலை பார்க்கும் காவேரி. அவளுக்கு நூற்று அறுபத்திரண்டு வாக்கு, அவருக்கு ஐம்பத்தெட்டு.

சூசைராஜ் உடனே தளத்தின் கணினி வேலையைப் பார்க்கும் ஷீபாவை டீக்கடைக்கு வரவழைத்தார்.

"அத்தினியும் போலிக் கணக்கு. ஒரே ஆளு நூறு பேரா வந்துகினு கீறான். புடிச்சித் தூக்கு. ஆளுக்கு ஒரு கணக்குன்னு சட்டம் போட்டதே நான்தான்."

ஷீபா லேப்டாப்பைத் திறந்தாள். காவேரிக்குப் போட்டவர்களில் நூற்றைம்பது பேர் மதியம் மூன்று மணிக்கு ஒரே வைஃபையில் வந்திருந்தார்கள்.

"மாட்டுனான் பாரு."

"இல்ல சார். ஷிஃப்ட் முடிஞ்சி, ஆலை கேட்டுல குடுத்து வச்ச போனைத் திருப்பி வாங்கிகினு, ஹாஸ்டலுக்குப் போனதும் எல்லாரும் ஒண்ணா வராங்க. நூத்தம்பதும் வேற வேற போன்." தயங்கினாள். "போலி உங்க பக்கம் கீது. உங்களுக்குப் போட்டதுல ஐம்பத்தொண்ணு ஒரே போன்."

"மாதா மேல சத்தியமா நான் இல்லம்மா."

"தெரியும் சார். அந்த போன்ல நெஜப் பேர்ல ஒரு கணக்கு கீது. லூர்து மேரின்னு."

அது அவர் மனைவியின் பெயர். சூசைராஜ் திரையையே பார்த்தார். 'ஒரகடம் சிங்கம்', 'புரட்சிப் புயல்', 'பிள்ளைப்பாக்கம் இளைஞன்', எல்லாம் அதே போன். ஒவ்வொருவருக்கும் உருகி உருகி நன்றி எழுதியிருந்தார். 'அருமை தலைவரே, சர்க்கரை மாத்திரை போட்டீங்களா' என்று பத்துப் பதினைந்து பேர் கேட்டிருந்ததை மக்களின் அன்பு என்றே நம்பியிருந்தார்.

வீட்டில் லூர்து மேரி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீயா?"

"பின்ன யாரு? மொத வருசம் நீங்க எழுதுனத ஒருத்தனும் சீந்தல. தட்டு தட்டா சோத்தத் தள்ளி வச்சீங்க. ஒரு சிங்கத்த வுட்டேன், ரெண்டாவது வாட்டி ரசம் கேட்டீங்க. அப்பால பழகிப்போச்சி. நேத்து ஐம்பத்தொரு வாட்டி உங்களுக்குக் குத்துனதுல கட்டைவிரல் வீங்கிகீது."

அவர் ஐம்பத்தெட்டில் ஐம்பத்தொன்றைக் கழித்துப் பார்த்தார். அவரே போட்ட சட்டப்படி மிச்சம் ஏழு.

"அந்த ஏழுல உன்னோட நெஜ வோட்டாவது கீதா?"

அவள் மீனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது காவேரிக்கு. நம்ம பொண்ணு ஜாஸ்மின் அந்த ஷிஃப்ட் பஸ்லதான வேலைக்குப் போறா. பேசப் போறவ அதுல ஒரு நாளாவது ஏறுனவளா இருக்கட்டும்னு பாத்தேன்."