ஒரு சிட்டிகைக் குரல்

கராங்வாரு வட்டாரத்து உறுப்பினர் வார்தினா மாவட்ட மன்றத்தில் பதவியேற்க எழுந்து வாயைத் திறந்தபோது, உப்பு முதலாளி சர்காவியின் குரல் வந்தது. கிராம்புச் சிகரெட் பிடித்துக் கரகரத்த, மூக்கால் பேசும் குரல். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேர்தல் செலவுக்கு யார் கொடுத்தார்களோ அவர்கள் குரலில்தான் அந்த மன்றத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் வியாபாரியின் குரல் ஆளுங்கட்சி வரிசையிலும் இருந்தது, எதிர்வரிசையிலும் இருந்தது. வரவு செலவு விவாதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், ஒரு மனிதன் தன்னோடு தானே சண்டை போட்டுத் தானே சமாதானமாவது போலிருக்கும். மழைக்காலத்தில் மிளகாய் விலை ஏறுவதுபோல இதுவும் ஒன்று என்று மாவட்டம் பழகிவிட்டிருந்தது.

ஆனால் வார்தினாவின் விஷயம் வேறு. அவளுக்கு இருந்த சொத்தே அவளுடைய சொந்தக் குரல்தான். கராங்வாரு மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறியவள் அவள். கூடத்துக்குள்ளிருந்து அவள் கானாங்கெளுத்தியின் விலையைச் சொன்னால், முகத்துவாரத்துக்கு வெளியே படகில் நிற்பவன் கேட்டுவிட்டு, கரைக்கு வருவதா இன்னொரு வலை போடுவதா என்று முடிவு செய்வான். அந்தக் குரலுக்காகத்தான் பாய்மரக் கட்சி அவளைத் தேடி வந்தது. முகத்துவாரத்தை அடைத்து உப்பளம் கட்டும் திட்டம் ஒன்று அப்போதே காற்றில் இருந்தது. அடைக்க விடமாட்டேன் என்று அவள் படகுக்காரர்களிடம் சொன்னாள், அவர்களும் நம்பினார்கள். குரல் மட்டும் இருந்தால் தேர்தல் நடக்குமா? கொடி வேண்டும், சட்டை வேண்டும், வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் வேண்டும், மேடைக்குப் பாட்டுக்காரி வேண்டும். எல்லாவற்றுக்கும் சர்காவி கொடுத்தார். அந்தத் திட்டமே அவருடையது என்று அவளுக்குத் தெரிந்தபோது சட்டைகள் தைத்து முடிந்திருந்தன. கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் அரிசி மூட்டையோடு வந்து நிற்பவர். “பின்னால பாத்துக்கலாம், இபு” என்று மட்டும் மரியாதையாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ‘பின்னால’ என்பதைவிட விலை கூடிய வார்த்தை கிடையாது.

வீட்டிலும் அதே குரல்தான். கணவன் ரஸ்முன் படகுகளின் ஒழுக்கை அடைத்து வண்ணம் பூசுகிறவன். அவனை அவள் ‘காங்’ என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாள் சமையலறையிலிருந்து, “காங், சாப்பிட வாங்க” என்று உப்பு முதலாளி கூப்பிட்டதும் அவன் பதறிப் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பிறகு கொஞ்ச நாள், ஊரார் முதலாளியை ஜுராகன் என்று கூப்பிடுவதுபோலவே அவளைக் கூப்பிட்டு, அதை வைத்தே கேலி செய்தான். “ஜுராகன் கையால சோறு போட்டா நாங்க எப்பிடி வேணாம்னு சொல்றது” என்பான். வார்தினா சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் சர்காவியினுடையதாக இருக்கும். ஒரு நாள் கேலி நின்றது. “உன் குரலைக் கேட்டுத்தான் நான் உன்னக் கட்டுனேன். இப்ப வீட்டுல வேத்து ஆம்பள இருக்கற மாதிரி இருக்கு” என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதன் பிறகு அவள் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

முகத்துவாரத் திட்டம் மன்றத்துக்கு முதல்முறை வந்தபோது, கூடாது என்று சொல்லத்தான் அவள் எழுந்தாள். நாக்கு ‘கூடாது’ என்றுதான் மடங்கியது. “சம்மதம்” என்று சர்காவி சொன்னார், அவள் வாயால். கடைசி வாக்கெடுப்பு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள். அன்றே அவள் அப்பா விட்டுப்போன படகை விற்று, பணத்தோடு சர்காவி வீட்டுக்குப் போனாள். அவர் உட்கார வைத்தார், தேநீரும் வறுத்த வாழைப்பழமும் வந்தன, வெளியூரில் இருக்கும் அவள் மகளின் படிப்பை விசாரித்தார், பணத்தைத் தொடவில்லை. “குடுத்ததைத் திருப்பி வாங்கினா நம்ம உறவு என்ன ஆகும்?” என்றார். சோறு போட்டவன் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச எங்களுக்கு வராது. அதற்குச் ‘சுங்கான்’ என்று ஒரு வார்த்தையே வைத்திருக்கிறோம். பெருமையாகவும் சொல்லிக்கொள்வோம், அதனாலேயே கெட்டும் போவோம். அவள் தேநீரைக் குடித்துவிட்டுப் பணத்தோடு திரும்பினாள்.

அதை அடுத்து வந்த நோன்பு மாதத்தில்தான் தலைநகர் ஜகார்த்தாவிலிருந்து விதி வந்தது. கட்சிகள் வாங்கிய ஓட்டுக்கு இவ்வளவு என்று வரிப்பணத்திலிருந்து உதவி கொடுக்கப்படும் என்றார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் காப்பிக் கடையில் வேறு பேச்சில்லை. மீன்காரி காஸ்மி கொதித்துப் போயிருந்தாள். வார்தினாவை அவளுக்கு ஏலக்கூடக் காலத்திலிருந்தே ஆகாது.

“கூடையை இறக்கி வைக்க வரி, மீன் கழுவுற தண்ணிக்கு வரி. அதை எடுத்து இவளுக்குக் கொடி தைக்கணுமா? ஆத்துல கொட்டுனா மீனாச்சும் தின்னும். அந்த மீனையாவது நான் விப்பேன்” என்றாள்.

தெருத் தலைவர் துல்காமித் பொறுமைசாலி, பெண்களை ‘யூ’, அதாவது அக்கா, என்று முறை வைத்தே பேசுகிறவர். “யூ காஸ்மி, உனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஆகாது. அதுக்காக ராக்காவல் அவ வீட்டை விட்டுட்டா போறான்? ஜிம்பித்தான் அரிசி எல்லாரும் போடுறோம், காவல் எல்லாருக்கும். இதுவும் அந்த மாதிரிதான்.”

“காவல்காரன் தூங்கிட்டான்னா நான் போய் எழுப்பித் திட்டுவேன். இவளைத் திட்ட முடியுமா?”

“முடியும். சோறு நம்மளது. திட்டும் நம்மளதுதான்.”

இதைப் பெரியவர் உவமையாகச் சொன்னார். கேட்டவர்கள் உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். கராங்வாருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு டப்பா தொங்கும். மாலையில் விரல் நுனியால் அள்ளி அதில் ஒரு சிட்டிகை அரிசி போட்டு வைப்பார்கள், காவல் சுற்றுகிறவர்கள் எடுத்துப்போய்த் தெருவின் பொதுச் செலவுக்கு வைப்பார்கள். அதுதான் ஜிம்பித்தான். மறுநாள் மாலை ஊரெங்கும் அதன் பக்கத்தில் உறுப்பினருக்கென்று இரண்டாவது டப்பா தொங்கியது. துல்காமித் வீடு வீடாகப் போய், இது அரசாங்கமே கொடுப்பது, நீங்கள் அரிசி போட வேண்டியதில்லை என்று தொண்டை வற்றச் சொன்னார். “அங்கருந்து வர்றப்ப வரட்டும் பாக் துல்காமித், அதுவரைக்கும் அவளுக்குப் பசிக்காதா?” என்று கேட்டார்கள். காஸ்மியும் தொங்கவிட்டாள். கொடுக்காமல் திட்டினால் வயிற்றெரிச்சல் என்பார்கள், கொடுத்துவிட்டுத் திட்டினால் நியாயம் என்பார்கள் என்று அவள் கணக்கு. காவல்காரர்கள் அந்த அரிசியைத் தனிச் சாக்கில் சேர்த்து, பேட்டையில் குடியிருந்த ஒரே உறுப்பினரான வார்தினாவின் வீட்டில் இறக்கினார்கள்.

சிவப்பு அரிசி, குருணை, வண்டு விழுந்த ரேஷன் அரிசி, யாரோ பெருமைக்குப் போட்ட வாசனை அரிசி எல்லாம் கலந்து கிடந்தது. வார்தினா களைந்து, உலையில் போட்டு, ரஸ்முனோடு உட்கார்ந்து தின்றாள். சர்காவியின் குரல் அடுத்த நாளே கிழியத் தொடங்கியது. “காங்” என்று அவர் குரலில் ஆரம்பித்தாள், “சாப்பிட” என்பது ரிக்‌ஷாக்காரன் குரலில் வந்தது, “வாங்க” என்பது பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஆசிரியரின் குரலில் வந்தது. ரஸ்முன் பார்த்துக்கொண்டேயிருந்தான். “ஒருத்தரு போயி ஊரே வந்தாச்சா. தட்டு பத்தாதே” என்றான். அவனுக்கு ஒரு யோசனை வந்தது. தங்கள் வீட்டு வாசலிலும் ஒரு டப்பாவைத் தொங்கவிட்டான். வாங்கித் தின்கிறவளே போடுவதாவது என்று வார்தினா தடுத்தாள். “நீயும் சந்தை வரி கட்டுனவதானே. உன் சிட்டிகையை யாரு போடுவா?” என்றான் அவன்.

பெருநாள் முடிந்து வாக்கெடுப்பு வந்தது. பார்வையாளர் வரிசையில் சர்காவி வெள்ளைத் தொப்பியோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார். வெளியே வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக்குக் கீழே கராங்வாருவே நின்றது. வார்தினா எழுந்தாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. முதலில் வந்தது காஸ்மி. “ஏண்டி வார்தினா, என் அரிசியத் தின்னுட்டு வாய மூடிக்கிட்டு நிக்கவா வந்தே? போன தடவ சம்மதம்னு சொன்னியே, யாரக் கேட்டுச் சொன்னே?” ஓர் உறுப்பினர் தன்னைத்தானே திட்டிக்கொண்டதை அங்கே யாரும் கேட்டதில்லை. ஒலிபெருக்கியடியில் நின்ற காஸ்மி முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண் கலங்கிவிட்டது. பிறகு அவள் வாயில் வரிசையாக வந்தார்கள். முகத்துவாரம் அடைபட்டால் மூன்று ஊர் சுற்றிக் கடலுக்குப் போகவேண்டும் என்றான் படகுக்காரன். வெள்ளம் எந்தப் பக்கம் ஏறும் என்று சொன்னார் பள்ளிக்கூடத்து வாத்தியார். “என் மகனுக்கு உப்பளத்துலதான் வேலை, அது வரட்டும்” என்றாள் ஒரு தாய், அவளையும் யாரும் அடக்க முடியவில்லை, அவள் அரிசியும் அதில் இருந்தது. வார்தினாவுக்கு ஓட்டுப் போடாதவர்களும் பேசினார்கள். கடைசியில் ஊரில் பெரும்பகுதி ஒன்றாகக் கூடி ‘கூடாது’ என்றபோது கூரை ஓட்டில் இருந்த புறாக்கள் எழும்பின. வெளியே ஜனங்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டி, “அது நான்தான், கேட்டியா, அது நான்” என்று சொல்லிக்கொண்டார்கள். அவ்வளவு நிமிர்ந்த முதுகுகளை அந்த வேப்பமரம் கண்டதில்லை.

இதை ஒரு வாக்காக எடுப்பதா ஊர் வாக்காக எடுப்பதா என்று அவைத்தலைவருக்கு விளங்கவில்லை, அவர் திட்டத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார். அதற்குள் வேறு பேட்டைகளிலும் இரண்டாவது டப்பா தொங்கிவிட்டது. சிமெண்ட் குரல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன, திட்டம் தோற்றது, படகுகள் இன்றும் அந்த வழியாகத்தான் போகின்றன. சர்காவி கோபித்துக்கொள்ளவில்லை. அரிசி மூட்டையோடு வந்து ராக்காவலிடம் நின்றார். “சிட்டிகைதான் ஜுராகன், டப்பா அவ்வளவுதான் பிடிக்கும்” என்று திருப்பி அனுப்பினார்கள். அவரும் வாசலில் டப்பா மாட்டினார். அவர் குரலும் மன்றத்தில் கேட்டது, எல்லோருக்கும் உள்ள அளவுக்கு. ஜகார்த்தாப் பணமும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. அதை விசாரிக்கவென்று தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகள், உங்கள் உறுப்பினர்கள் ஏன் சொந்தக் குரலில் பேசுவதில்லை என்று சந்தையில் கேட்டார்கள். “சொந்தக் குரல்ல பேசறதுக்கா சோறு போடுறோம்?” என்றாள் காஸ்மி, மீன் செதிலைச் சீவிக்கொண்டே.

வார்தினா தன் குரலை எதிர்பார்ப்பதையே விட்டிருந்தாள். ஒரு நாள் மதியம், தூர்வாரும் செலவைப் பற்றிய சலிப்பான விவாதத்தில், ரிக்‌ஷாக்காரனுக்கும் வாத்தியாருக்கும் நடுவே, “ஆழம் பத்தாது” என்று ஒரு பெண் சொன்னாள். ஏலக்கூடத்தைத் தாண்டிக் கடலுக்குக் கேட்கும் குரல். யாருடையது என்று வார்தினா ஒரு கணம் யோசித்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் வாத்தியார் பேசத் தொடங்கிவிட்டார்.

மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது ரஸ்முன் கையில் வண்ணக் கறையோடு வாசலில் நின்றான். “கேட்டீங்களா?” என்று அவள் பள்ளிவாசல் ஆசிரியரின் குரலில் கேட்டாள்.

“கேட்டேன்” என்றான். “வேப்பமரத்தடியில எல்லாரும் இந்தக் குரலு யாரு வீட்டு அரிசின்னு கேட்டாங்க. எங்க வீடுதான்னு சொன்னேன்.”